கம்பெனி மெயில் என்று நம்பி ₹3,18,000 போச்சு – சின்னத் தொழில் செய்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

கரூரில் கிச்சன் டவல், மேசை விரிப்பு தைத்து அனுப்புகிற சின்ன யூனிட் எங்களுடையது. கொச்சி பார்ட்டிக்குச் சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு வர வேண்டிய 3,18,000 ரூபாய் எவனோ ஒருவன் கணக்குக்குப் போயிருக்கிறது. வயிறு எரிகிறது.

முன்பு ஜிமெயிலில்தான் பில் அனுப்பிக்கொண்டிருந்தோம். வெப்சைட் செய்து கொடுக்கும் கடையிலிருந்து ஒரு தம்பி வந்தான். "இலவச மெயில்ல பில் போட்டா பார்ட்டி மதிக்க மாட்டாங்கக்கா. உங்க கம்பெனி பேர்லயே மெயில் போட்டுத் தர்றோம், வெப்சைட்டோட சேர்ந்தே வந்துரும்" என்றான். பாதுகாப்பு எப்படி என்று நான் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க. பாஸ்வேர்டுகூட நாங்களே வச்சுக்கறோம், நீங்க தொழிலப் பாருங்க." வீட்டுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து, டீ குடித்து, கம்ப்யூட்டரில் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். நம்பாமல் எப்படி இருப்பது?

அவர்கள் விற்றது வெப்சைட் வைக்கும் சர்வரில் ஓசியாகக் கிடைக்கும் ஒரு மெயில் பெட்டி. இரண்டு படிச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டு போட்ட பிறகும் போனுக்கு வரும் எண்ணைக் கேட்பது மாதிரி, கிடையாது. வேறு ஊரிலிருந்து யாராவது உள்ளே நுழைந்தாலும் போனுக்கு ஒரு எச்சரிக்கை வராது. நாங்கள் விட்டுவந்த இலவச ஜிமெயிலில்கூட இது இரண்டும் இருந்தது! பாஸ்வேர்டு என்ன தெரியுமா? கம்பெனி பெயர், பின்னால் 123. அதே கடையில் மெயில் வாங்கிய இன்னொருவருக்கும் அதே மாதிரிதான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மெயிலுக்குள் நுழைந்த திருடன் அவசரப்படவில்லை. எங்கள் மெயில் எல்லாம் தனக்கும் ஒரு நகல் வருகிற மாதிரி ஃபார்வர்டு போட்டுவிட்டுப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறான். நாங்கள் பில் அனுப்பியதும், அதே பில்லில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி, எங்கள் முகவரியிலிருந்தே "ஆடிட் நடக்கிறது, இந்தக் கணக்கில் போடவும்" என்று அனுப்பியிருக்கிறான். கொச்சிக்காரர் ஏன் மாற்றம் என்று பதில் போட்டுக் கேட்டிருக்கிறார். அது எங்கள் கண்ணில் படவே இல்லை. அவர் முகவரியிலிருந்து வருவதையெல்லாம் வேறு ஃபோல்டருக்குத் தள்ள ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருந்தான். பதிலையும் அவனே எழுதினான், எங்கள் கையெழுத்து வரியோடு. மெயில் எங்கள் பெட்டியிலிருந்தே போனதால் அவருக்கும் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. ஆர்டிஜிஎஸ்ஸில் 3,18,000 அனுப்பிவிட்டார். பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் போகும், மேலே எழுதிய பெயரைப் பார்த்து அல்ல.

"உங்க மெயில்லருந்துதானே வந்துச்சு, நான் ரெண்டு தடவை கட்ட முடியுமா?" என்கிறார் அவர். அவரிடம் கோபப்படவும் வழியில்லை.

கடைக்குப் போன் போட்டால், "எங்க சர்வர்ல ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க, உங்க சிஸ்டத்துல வைரஸ் இருக்கும்." எந்த ஐபி முகவரியிலிருந்து நுழைந்தார்கள் என்ற பதிவைப் போலீஸுக்குக் காட்டக் கேட்டேன். "டிக்கெட் போடுங்க." போட்டேன். பதிலே இல்லாமல் மூடிவிட்டார்கள். அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டானாம். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனால் "ஓனர் வெளியூர்." சரி, மெயிலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறோம் என்றால், எங்கள் கம்பெனி பெயரில் இருக்கும் டொமைனையே (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) அவர்கள் பெயரில்தான் பதிவு செய்திருக்கிறார்கள்! அதை மாற்றித் தரத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். 3,18,000 போன வீட்டில் வந்து பணம் கேட்கிறார்கள்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்தோம். அனுப்பியவர்தான் தன் வங்கியிலும் புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் கொடுப்பதற்குள் அந்தக் கணக்கில் பைசா மிச்சமில்லை.

யாருக்கு எந்த மெயில் சரி என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும்:

கம்பெனி பெயரில் மெயில் வேண்டுமென்றால் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ மாதிரி மெயிலையே தொழிலாக நடத்துகிறவர்களிடம் நீங்களே நேராக வாங்குங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். பாஸ்வேர்டை நீங்களே மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். இன்றைக்கே செட்டிங்ஸைத் திறந்து ஃபார்வர்டு, ஃபில்டர் இரண்டையும் பாருங்கள், நீங்கள் போடாதது ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து வைத்துவிட்டு அழியுங்கள். பணம் தப்பாகப் போனது தெரிந்த நிமிஷமே 1930, அனுப்பியவரையும் உடனே அழைக்கச் சொல்லுங்கள். கணக்கு எண் மாறியது என்று யார் மெயிலில் சொன்னாலும், அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.