ஷேக்ஸ்பியர் காமெடி கைடு: கதைக்கு வாங்கலாம், கல்யாண விஷயத்தில் நம்ப வேண்டாம்

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இங்கிலீஷ் லிட்டரேச்சர் என்று வாயைத் திறந்தாலே எடுத்துப் போடுகிறார்களே ஒரு தடி கைடு, ஷேக்ஸ்பியர் காமெடிகளும் அந்தக் காலத்து மற்ற இன்பியல் நாடகங்களும் சேர்ந்தது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பதிப்பகத்தின் பெயரைப் போடப்போவதில்லை, படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். அட்டையில் 280 ரூபாய், பேசினால் 250க்குத் தருவார்கள். நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்கிறேன், காட்பாடியில் எங்கள் வீட்டில் தங்கி பி.ஏ. படிக்கும் அண்ணன் மகளும் இதே கைடைத்தான் வைத்திருக்கிறாள், அதனால் இரண்டு பேரும் மாறி மாறிப் படித்துச் சண்டை போட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதைச் சுருக்கங்கள் உண்மையிலேயே தெளிவு. யார் யாருடைய வேஷத்தில் வருகிறார்கள் என்று ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 'ட்வெல்த் நைட்' மாதிரி நாடகத்தில் இது இல்லாமல் தலை சுற்றிவிடும், அங்கே கப்பல் கவிழ்ந்து தப்பித்த வயோலா சிசாரியோ என்ற பையனாக வேலைக்குச் சேர, அவளோடு இரட்டையாகப் பிறந்த சகோதரனும் அதே முகத்தோடு ஊருக்குள் திரிகிறான். இங்கிலீஷில் கேள்வி பதில், கீழே தமிழில் விளக்கம். தாள் சுமார், எழுத்து பெரிது. இதுவரைக்கும் குறை ஒன்றும் இல்லை.

காதல், கல்யாணம், பெண்கள் நிலை என்று தனிப் பாடமாகப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம். பரீட்சையில் அதிகம் கேட்பதும் அதுதான். அதை எழுதியவர் நாடகத்தைத் திறந்து பார்த்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது.

'டேமிங் ஆஃப் த ஷ்ரூ'வை, அதாவது வாயாடிப் பெண் கேத்தரினாவைப் பெட்ரூக்கியோ கட்டி அடக்கும் கதையை, எடுத்துக்கொள்வோம். "பெட்ரூக்கியோவைக் கணவனாக மதிப்பிடுக" என்ற கேள்விக்குக் கைடு சொல்லும் பதில், அவன் கண்டிப்பானவன் ஆனால் அன்பானவன், கேத்தரினா குடும்பக் கடமையைக் கற்றுக்கொள்கிறாள் என்பது. ஆதாரமாக அவளுடைய அப்பா பாப்டிஸ்டா சொல்லும் ஒரு வரியை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவளுடைய அன்பைச் சம்பாதித்துக்கொள், எல்லாமே அதுதான் என்று. அந்த வரி நாடகத்தில் இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் அதற்கு மேலே இரண்டு வரி தள்ளி என்ன இருக்கிறது? பெண்ணை இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத பெட்ரூக்கியோ, உங்கள் பெண்ணைக் கட்டினால் என்ன தருவீர்கள் என்று நேராகக் கேட்கிறான். கையில் 20,000 கிரவுன் (அந்தக் காலத்து நாணயம்), என் காலத்துக்குப் பிறகு நிலத்தில் பாதி என்கிறார் மாமனார். சரி, நான் முந்திப் போய்விட்டால் என் நிலமும் குத்தகையும் அவளுக்கு என்று எழுதித் தருகிறேன் என்கிறான் இவன். பத்திரம் பேசி முடித்த பிறகுதான் அந்த அன்பு வரியே வருகிறது. கைடில் பத்திரப் பேச்சு முழுசாகக் காணோம், அன்பு மட்டும் தனியாக நிற்கிறது.

தங்கை பியாங்காவின் பேரம் இன்னும் அப்பட்டம். அவள் சம்மதமெல்லாம் யாரும் கேட்கவில்லை. யார் அதிகம் எழுதி வைக்கிறாரோ அவருக்கே பெண் என்று பாப்டிஸ்டா வாய்விட்டுச் சொல்கிறார். கிழவர் கிரெமியோ வீட்டிலுள்ள வெள்ளிப் பாத்திரம், திரைச்சீலை, 100 கறவை மாடு என்று அடுக்குகிறார். எதிரில் நின்று ஏலம் கேட்பவன் மாப்பிள்ளையே இல்லை, எஜமானின் உடையைப் போட்டுக்கொண்டு வந்த வேலைக்காரன் டிரானியோ! இல்லாத கப்பலை எல்லாம் எண்ணிச் சொல்லி அவன் ஜெயிக்கிறான். நாடகத்திலேயே சிரிப்பு வெடிக்கும் இடம் இது. கைடில் இதற்கு ஒரே வரி: "பியாங்காவுக்குப் பலர் போட்டியிடுகின்றனர்."

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்து வரதட்சணையில் பணமும் நகையும் பெண் வீட்டிலிருந்து ஒரே திசையில்தான் போகும். அங்கே பெண்ணின் அப்பா ஒரு தொகை தர, மாப்பிள்ளை தன் சொத்தில் அவள் விதவையானால் வாழ்வதற்கு என்று ஒரு பங்கு எழுதித் தரவேண்டும், இரண்டும் சேர்ந்ததுதான் பேரம். கிரெமியோவும் டிரானியோவும் அடுக்குவது அந்த இரண்டாவது கணக்கு. இது புரியாவிட்டால் அப்பா ஏன் மாப்பிள்ளைகளை ஏலம் விடுகிறார் என்பதே புரியாது. கைடு இரண்டையும் போட்டுக் குழப்பி, நம் ஊர் வரதட்சணை போலவே என்று முடித்துவிடுகிறது.

கேத்தரினாவைப் பட்டினி போட்டு, தூங்கவிடாமல், வேட்டைப் பருந்தைப் பழக்குவது போலப் பழக்குகிறேன் என்று பெட்ரூக்கியோவே பார்வையாளர்களிடம் சொல்வதைக் கைடு "உளவியல் சிகிச்சை" என்கிறது. அண்ணன் மகள் இதைப் படித்துவிட்டு, "அத்தை, சோறு போடாம இருக்கிறது எந்த டாக்டர் சொன்ன சிகிச்சை?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல. கடைசியில் கணவனே தலைவன் என்று அவள் பேசும் அந்த நீண்ட பேச்சு புதிதாகக் கல்யாணமான மூன்று ஆண்கள் ஆளுக்கு 100 கிரவுன் பந்தயம் கட்டிய பிறகு வருவது, கூப்பிட்டவுடன் யார் பெண்டாட்டி வருகிறாள் என்று. பெண் அடங்கிவிட்டாள் என்று பூரித்துப் போன மாமனார் இன்னொரு 20,000 கிரவுன் சேர்த்துத் தருகிறார். இதையும் விட்டுவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய விடுதல், நாடகத்தின் முன்காட்சி. "தேர்வுக்கு முக்கியமில்லை" என்று அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் ஸ்லை என்பவனைத் தூக்கி வந்து நீ பெரிய பிரபு என்று நம்பவைத்து, ஒரு வேலைக்காரப் பையனுக்குப் பெண் வேஷம் கட்டி இதுதான் உன் மனைவி என்று பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். பெட்ரூக்கியோ கதை அந்தக் குடிகாரனுக்குப் போட்டுக் காட்டும் நாடகம். பொய்ப் பெண்டாட்டியை நிஜம் என்று நம்பும் ஒருவன் முன்னால்தான் பெண்டாட்டி எப்படி இருக்கவேண்டும் என்ற பாடம் நடக்கிறது. இது முக்கியமில்லையாம்.

சரி, அந்தக் காலத்தில் எல்லாரும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்று கைடு சொல்வதும் தப்பு. 1611 வாக்கில் ஜான் ஃப்ளெட்சர் இதற்குப் பதில் நாடகமே எழுதினார். அதில் கேத்தரினா இறந்துபோய், பெட்ரூக்கியோ மரியா என்பவளை இரண்டாம் கல்யாணம் செய்கிறான். கல்யாண ராத்திரியே அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள், ஊர்ப் பெண்கள் சாப்பாட்டு மூட்டையோடு அவள் பக்கம் சேருகிறார்கள், அவன் செத்தது போல நடித்தும் எடுபடவில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்று காட்டத்தான் இது என்று பின்னுரை சொல்கிறது. 1633 நவம்பரில் இரண்டு நாடகத்தையும் இரண்டு நாள் இடைவெளியில் அரசர் முன் நடித்தார்கள். ஷேக்ஸ்பியருடையது "பிடித்தது", ஃப்ளெட்சருடையது "மிகவும் பிடித்தது" என்று அரசவை அதிகாரி குறித்து வைத்திருக்கிறார். எவ்வளவு நல்ல தகவல், ஒரு எஸ்ஸே கேள்விக்கு இது ஒன்று போதுமே!

நம் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. ஆண் வாடையே வேண்டாம் என்று மதுரையை ஆண்ட அல்லியை அர்ச்சுனன் வேஷம் மாற்றிப் போய், தூங்கும்போது தாலி கட்டி அடக்கும் கதையைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். எங்கள் ஆரணி பக்கத்துப் பாட்டி ஒருத்தி, தூங்குறப்ப கட்டினா அது தாலியா என்று ராத்திரி பூரா முணுமுணுத்துக்கொண்டே கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பாள். லண்டனிலும் அப்படி முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அல்லியை ஒரு வரி சேர்த்திருந்தால் வேலூர் பிள்ளைகளுக்குப் பாடம் பட்டென்று ஏறியிருக்கும்.

அடுத்த பெரிய ஓட்டை, பெண் வேஷம். "அக்காலத்தில் சிறுவர்களே பெண் பாத்திரங்களில் நடித்தனர்" என்று முன்னுரையில் ஒரு வரி, அதோடு மறந்துவிட்டார்கள். இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் 1660 வரை பெண் ஏறவில்லை. இத்தனைக்கும் இத்தாலியில் அப்போதே நடிகைகள் உண்டு, பாதுவாவில் பிறந்த இசபெல்லா ஆண்ட்ரெய்னி பெரிய பேர் வாங்கியிருந்தார், அதே பாதுவாவில் நடக்கும் பெட்ரூக்கியோ கதையை லண்டனில் பையன்கள் நடித்தார்கள். நம்முடைய பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ஸ்திரீ பார்ட் போய்விடுமே, அதே கதைதான் அங்கேயும். புரிசை பக்கம் கூத்தில் ஆண் திரௌபதியாக வந்து நின்றால் நாம் சிரிப்பதில்லை, அழுகிறோம். அதனால் இதை நமக்குப் புரியவைப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

இது ஏன் முக்கியம் என்றால் 'ஆஸ் யூ லைக் இட்' முழுவதும் இதில்தான் நிற்கிறது. ஒரு பையன் ராசலிண்ட் என்ற பெண்ணாக நடிக்கிறான், அவள் கானிமீட் என்ற பையனாக வேஷம் போடுகிறாள், அந்தப் பையன், ராசலிண்டைக் காதலிக்கும் ஆர்லாண்டோவிடம் என்னை ராசலிண்ட் என்று நினைத்துக் காதலித்துப் பழகு என்கிறான். அப்புறம் ராசலிண்டின் சித்தப்பா மகள் சீலியாவைப் புரோகிதராக நிறுத்தி ஒரு விளையாட்டுக் கல்யாணம். "ஏற்றுக்கொள்வேன்" என்கிறான் ஆர்லாண்டோ. எப்போது என்று கேட்டு, இப்போதே ஏற்கிறேன் என்று சொல்ல வைக்கிறாள் ராசலிண்ட். கைடு இதை "நகைச்சுவைக் காட்சி" என்று தாண்டிப் போகிறது. அன்றைய இங்கிலாந்தில், கல்யாணம் செய்துகொள்ள யோக்கியதை உள்ள இரண்டு பேர் இப்போதே உன்னை ஏற்கிறேன் என்று மனமொப்பிச் சொல்லிவிட்டால், பாதிரியார் இல்லாவிட்டாலும் அது கட்டுப்படுத்தும் கல்யாணம். கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் ட்ரென்ட் சங்கத்தில் பாதிரியாரும் சாட்சியும் வேண்டும் என்று மாற்றியது, இங்கிலாந்தில் 1753 சட்டம் வரும் வரை பழைய வழக்கம் ஓடியது. ஆக அந்தப் பெண் விளையாட்டுப் போல நிஜக் கல்யாணத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள், எதிரில் இருப்பவனுக்கு அது தெரியவில்லை. இதைச் சொன்னால் காட்சியே வேறாகிவிடுகிறது.

வயது விஷயத்தில் நேரடித் தப்பு இருக்கிறது. ஜூலியட்டைக் காட்டி, அன்று இங்கிலாந்தில் பெண்களுக்கு 13, 14 வயதில் கல்யாணம் நடந்தது என்று போட்டிருக்கிறார்கள். சட்டப்படி பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 என்பது உண்மை. பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் நடந்ததும் உண்டு. ஆனால் சாதாரணக் குடும்பங்களில் இருபதுகளின் நடுவில்தான் கல்யாணம், ஏனென்றால் தனிக்குடித்தனம் வைக்கக் காசு சேர வேண்டும், அதுவரை பிள்ளைகள் பிறர் வீட்டில் வேலைக்கோ தொழில் பழகவோ இருப்பார்கள், தொழில் பழகுபவன் ஒப்பந்தக் காலம் முடியும் வரை கல்யாணம் செய்யக் கூடாது. ஷேக்ஸ்பியரே 1582இல் கட்டியது 26 வயதுப் பெண்ணை. அவருக்கு 18, பெண் அப்போது கர்ப்பிணி. முன்னுரையில் ஷேக்ஸ்பியர் வாழ்க்கைக் குறிப்பில் இந்த வயதுகளைச் சரியாகப் போட்டுவிட்டு, இந்தப் பாடத்தில் 13 என்கிறார்கள்!

'மச் அடூ அபவுட் நத்திங்'கில் கிளாடியோவுக்கு ஹீரோ என்ற பெண்ணைப் பார்த்தவுடன் காதலாம். அவன் காதலைச் சொன்ன கையோடு கேட்பது, அவள் அப்பா லியோனாட்டோவுக்கு மகன் இருக்கிறானா என்று. இல்லை, இவள்தான் ஒரே வாரிசு என்று பதில். நாடகத்தில் ஒரு நிமிஷம்தான், ஆனால் அதைப் படித்தவனுக்குக் கல்யாண மேடையில் அவளை அவன் அசிங்கப்படுத்துவது ஆச்சரியமாக இருக்காது. ஹீரோவின் ஒன்றுவிட்ட சகோதரி பியாட்ரிஸ் பகுதி மட்டும் பரவாயில்லை, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், வேறு யாரோ எழுதியது போல.

பென் ஜான்சனின் 'எபிசீன்' (1609) பகுதியைப் படித்து நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சத்தமே ஆகாத கிழவர் மோரோஸ், வாயே திறக்காத பெண் என்று நம்பி ஒருத்தியைக் கட்டுகிறார், தாலி ஏறியதும் அவள் வாய் திறக்கிறாள். கைடின் பாத்திரப் பட்டியலில் "எபிசீன்: கதாநாயகி, மோரோஸின் மனைவி". கடைசிக் காட்சியில் மருமகப் பையன் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு அவள் தலைமுடியைக் கழற்றுகிறான், அவள் ஒரு பையன். பார்ப்பவர்களிடம்கூடச் சொல்லாமல் ஜான்சன் மறைத்து வைத்த விஷயம். கைடு எழுதியவரிடமும் மறைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஆக, கதையும் பாத்திரங்களும் தெரிய வேண்டும், பரீட்சை வாரம் வந்துவிட்டது என்பவர்கள் வாங்கலாம். காதல் கல்யாணக் கேள்விகளுக்கு மட்டும் இதன் பதிலை எழுதாமல், நாடகத்தில் பணம் பேசும் இடங்களைத் தேடிப் பென்சிலில் கோடு போட்டு வைத்துக்கொண்டு சொந்தமாக எழுதுங்கள். பழைய பிரதி கிடைத்தால் 100 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம்.

புதிது வாங்குகிறவர்கள் கடையிலேயே பிரித்துப் பக்க எண்ணைப் பார்த்துவிடுங்கள். என் பிரதியில் 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' நடுவில் ஒரு கட்டுப் பக்கமே இல்லை, போர்ஷியாவின் அப்பா வைத்துவிட்டுப் போன மூன்று பெட்டியில் மாப்பிள்ளை எதைத் திறந்தான் என்று தெரியாமலே கல்யாணம் முடிந்துவிடுகிறது. மாற்றித் தரச் சொன்னேன். "அக்கா, எல்லாக் கட்டும் அப்படித்தான் வந்திருக்கு, அடுத்த லாட் வரட்டும்" என்றார் கடைக்காரத் தம்பி. ஐந்துக்கு இரண்டு.