செயற்கைப் புல்லுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலுக்குச் செயற்கைப் புல் போட்டுக் கொடுத்தவர் எங்களை ஏமாற்றிவிட்டார். வேலூரில் புது வீடு கட்டுகிற பலர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பேசும்போது அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. மண்ணைத் தோண்டி ஜல்லி கொட்டி இறுக்கி, தண்ணீர் வடிய வாட்டம் (சரிவு) பார்த்து, அப்புறம்தான் புல் என்றார். நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் அவருடைய ஆட்கள் களிமண்ணை மேலாகச் சமப்படுத்தி, அதன் மேலேயே புல் சுருளை விரித்துவிட்டார்கள். இதைவிட மோசம், மழைநீர் சேகரிப்புக் குழியைச் சிமெண்ட் பூசி அடைத்து அதன் மேலும் புல்லை ஒட்டியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கேட்டதற்கு, "அதெல்லாம் யாரு மேடம் வந்து பார்க்கப் போறாங்க?" என்றார். கோடையில் தண்ணீருக்குத் திண்டாடும் ஊரில் ஒருவர் இப்படிப் பேசலாமா? இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஐப்பசி மழைக்கு வாசல் முழுக்கத் தண்ணீர் தேங்கியது. நாற்றம், கொசு. இணைப்புகள் பிய்ந்து தூக்கிக்கொண்டன. கோடையில் நிறம் வெளுத்து, இழைகள் கையோடு உதிர்ந்தன. புற ஊதாக் கதிரைத் தாங்காத, வீட்டுக்குள் விரிக்கிற ரகத்தை வெளியில் போட்டிருக்கிறார். ஐந்து வருட உத்தரவாதம் என்றது வெறும் வாய்ப்பேச்சு. இப்போது போனையே எடுப்பதில்லை.

நீங்கள் போடுவதாக இருந்தால், அடியில் மூன்று நான்கு அங்குலத்துக்கு ஜல்லியும் கிரஷர் தூளும் (கல் உடைக்கும்போது வரும் பொடி) போட்டு இறுக்கச் சொல்லுங்கள். புல்லை விரிக்கும் முன் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, வாட்டம் சரியா, எங்கே வடிகிறது என்று நின்று பாருங்கள். சுருளின் அடிப்பக்கத்தில் வடிகால் துளைகள் இருக்க வேண்டும். சேகரிப்புக் குழியின் மூடி திறக்கிற மாதிரியே இருக்கட்டும். நல்ல ரகமானாலும் நேர் வெயிலில் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கத்திரி வெயிலில் குழந்தைகளை வெறுங்காலோடு விடாதீர்கள். நிழல் இல்லாத வாசலுக்கு இது வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ரகம், தடிமன், உத்தரவாதம் எல்லாம் பில்லில் எழுத்தாக வேண்டும். கடைசித் தவணையை ஒரு மழை பார்த்த பிறகு கொடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வங்கியில் பணம் அனுப்பிய ரசீதையும் படங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன், நாங்களும் அங்கேதான் போகிறோம்.