முனிர்கா அரிசிக் கடையும் பர்மல் மூட்டையும்

டெல்லி ஆர்.கே. புரத்துக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. முனிர்காவில் சந்துக்குள் இருக்கும் இந்தக் கடைக்கு மாதம் ஒருமுறை போவேன். பெயர்ப்பலகை கிடையாது. அப்பளம், சுண்டைக்காய் வற்றல் எல்லாம் உண்டு, ஆனால் நான் போவது அரிசிக்குத்தான்.

இட்லி அரிசி அருமை. நாலுக்கு ஒன்று உளுந்து போட்டால் ஜனவரிக் குளிரிலும் மாவு எப்படியோ பொங்கிவிடுகிறது. பொன்னி புழுங்கல் வாங்கினால் பழசா என்று கேளுங்கள், புதுசு குழைந்துவிடும். போன மாதம் பச்சரிசியில் வண்டு இருந்தது. அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார், ஆனாலும் மாற்றிக் கொடுத்தார்.

பொன்னிக்குப் பக்கத்திலேயே பர்மல் என்ற பஞ்சாப் அரிசி மூட்டை, விலை குறைவு. எடை போடும் தம்பிக்கு ஊர் பீகார், சாசாராம். "அக்கா, இது எங்க அண்ணன் நட்டதா இருக்கும்" என்று சிரித்தான். அண்ணன் வருஷா வருஷம் லூதியானாவுக்கு நடவு வேலைக்குப் போகிறாராம்.

எனக்குச் சுருக்கென்றது. 1960-61இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் லூதியானா, எங்கள் தஞ்சாவூர், சாசாராம் அடங்கிய பழைய ஷாகாபாத் மூன்றும் உண்டு. விதை, உரம், கடன் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து விளைச்சலைக் கூட்டும் அரசுத் திட்டம் அது; 'பேக்கேஜ் திட்டம்' என்பார் அப்பா. யூரியாவும் ஏடிடி 27 நெல் விதையும் எங்கள் வயலுக்கு வந்த கதையை அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

ஒன்றாகத் தொடங்கியும் அப்புறம் பாதை பிரிந்துவிட்டது. லூதியானாவில் ஆழ்குழாய்க் கிணறு, பக்கத்திலேயே மண்டி, கொண்டுபோனதை எடுத்துக்கொள்ளும் அரசுக் கொள்முதல். பீகாரில் 2006இல், விளைபொருள் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் மண்டிச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். தம்பி வீட்டு நெல்லுக்கு வியாபாரி வாசலில் வந்து சொல்வதுதான் விலை. தஞ்சாவூரில் எங்களுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, ஆனால் மேட்டூரை ஜூன் 12இல் திறந்தால்தான் குறுவை. பஞ்சாபிலும் ஜூனில் ஒரு தேதி வந்தது: நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனதால் 10ஆம் தேதிக்கு முன் நாற்று நடக்கூடாது என்று 2009இல் சட்டம் போட்டார்கள்.

சரி, பர்மல் எப்படி? புலாவுக்குப் பரவாயில்லை. ரசத்துக்குப் பிசைந்தால் தனித்தனியாக நிற்கும், என் வீட்டில் எடுபடவில்லை.

ஞாயிறு காலை போகாதீர்கள், கூட்டம். ஜூனில் தம்பியும் அண்ணனோடு நடவுக்குப் போய்விடுவான். அப்போது எடை போடுவது அண்ணாச்சிதான், தராசில் ஒரு கண் இருக்கட்டும்.