ஏர்பேக் விளக்கு எரியவில்லை: ஜி.பி. ரோடு சந்து எலக்ட்ரீஷியன் பற்றி

2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அந்தத் தைரியத்தில்தான் 2020 மாடலாகத் தேடி ஒரு பழைய காரை வாங்கினேன். சாவியைத் திருப்பினால் பேட்டரி, ஆயில், ஏபிஎஸ் விளக்குகள் எல்லாம் எரிந்து அணையும். ஏர்பேக் விளக்கு மட்டும் எட்டிக்கூடப் பார்க்காது. விற்றவரைக் கேட்டதற்கு, "எரிந்தால்தான் சார் கோளாறு" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். கையேட்டைப் புரட்டிய என் மகள்தான், சில விநாடிகள் எரிந்து அணைந்தால்தான் சரி என்று காட்டினாள்.

சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு கார் நின்றால் நிறைந்துவிடும் கடை. வண்டியை நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போனது. எலக்ட்ரீஷியன் கேட்ட முதல் கேள்வி: "ஹாரன் ஒழுங்காக அடிக்கிறதா?" தூக்கிவாரிப்போட்டது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ஹாரன் ஊமையாகிவிடும். அதை நான் சொல்லவே இல்லை. ஹாரனுக்கும் ஓட்டுநர் ஏர்பேக்குக்கும் மின்சாரம் போவது ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஒரே ஸ்பைரல் கேபிள் வழியாகத்தானாம்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஸ்கேனரை மாட்டினால் ஓட்டுநர் ஏர்பேக் இணைப்பு அறுந்திருக்கிறது என்று வந்தது. கோளாறு இருந்தும் விளக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை? மீட்டரைக் கழற்றினார். ஏர்பேக் சின்னத்துக்குப் பின்னால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு டேப். அவசரத்தில் கிழித்து ஒட்டியது அல்ல. யாரோ உட்கார்ந்து கத்தரிக்கோலால் அளவாக வெட்டியிருக்கிறார்.

ஸ்டீயரிங்கில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய வேண்டுமாம். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் பக்கம் டெஸ்ட் விளக்கோடு போன பையனுக்குக் கையில் ஓர் அடி விழுந்தது. "வெடித்தால் முகம் இருக்காது."

காசை மிச்சம் பிடிக்கப் புதுப்பேட்டையில் பழைய கேபிள் பார்க்கலாமா என்றேன். "ஹெட்லைட் வேண்டுமானால் அங்கே வாங்குங்கள், இதை வாங்காதீர்கள்" என்று முடித்துவிட்டார். புதியது வர இரண்டு நாள் ஆனது. கூலியோடு ₹4,600. பில் கேட்ட பிறகுதான் வந்தது, அதுவும் துண்டுச் சீட்டில். இது எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது ஆறு எண்ணுவதற்குள் விளக்கு எரிந்து அணைகிறது. அந்த டேப்பை ஆர்.சி. உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விற்றவர் வீட்டில் இருப்பாராம்.