மூக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் தண்ணி சொட்டுதா? சளின்னு விட்டுடாதீங்க

சைனஸ் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க. ஆஸ்பத்திரி பேரைக் கேட்காதீங்க, வக்கீல் சொல்லக் கூடாதுன்னுட்டார்.

எனக்கு ஆறு வருஷமா மூக்கடைப்பு, பாலிப் (மூக்குக்குள்ள வளர்ற சதை). காபி வாசனைகூடத் தெரியாது. "சின்ன விஷயங்க, எண்டோஸ்கோப்ல எடுத்துடலாம், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்"னார் பெரிய டாக்டர். நீட்டின ஃபாரத்துல படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அது என் முட்டாள்தனம்.

மூணாம் நாள் மூக்குல வச்சிருந்த பஞ்சை எடுத்தாங்க. சாயங்காலம் செருப்பு மாட்டக் குனிஞ்சேன். வலது மூக்குல இருந்து சொட்டு சொட்டா தண்ணி, வாஷர் போன குழாய் மாதிரி. கொழகொழப்பே இல்ல. தொண்டையில இறங்கினது உப்புக் கரிச்சுது. சளின்னா கைக்குட்டை காய்ஞ்சதும் விறைச்சு நிக்கும். இது துவைச்சுப் போட்ட மாதிரி மெத்துன்னு இருந்துச்சு.

போன் பண்ணினேன். "மூக்கு கழுவுற உப்புத் தண்ணிதான், தேங்கி வடியுது"ன்னாங்க. நான் இன்னும் கழுவவே ஆரம்பிக்கலைங்கன்னா, "அப்ப அலர்ஜியா இருக்கும்." மாத்திரை பேர் சொல்லிட்டு வச்சுட்டாங்க. பதினோராம் நாள் காய்ச்சல், கழுத்தைக் குனிய முடியல. மச்சான்தான் மெடிக்கல் காலேஜுக்குத் தூக்கிட்டுப் போனார்.

சொட்டினது மூளையைச் சுத்தி இருக்கிற நீர். அதைப் பாட்டில்ல பிடிச்சு பீட்டா 2 டிரான்ஸ்ஃபெரின் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. அந்தப் புரதம் சளியில இருக்காது. அங்கிருந்த இ.என்.டி. புரொஃபசர் என் பழைய சி.டி. ஃபிலிமை வெளிச்சத்துல வச்சுக் காட்டினார். மூக்கோட கூரைக்கு மேல மூளை, நடுவுல காகிதம் மாதிரி எலும்பு. வாசனை நரம்பு இறங்குற குழி எனக்கு 8 மி.மீ.க்கு மேல ஆழம். ஓட்டை விழற ஆபத்து அதிகமான அந்த அமைப்புக்கு கெரோஸ் 3ஆம் வகைன்னு 1962லயே பேர் வச்சிருக்காங்க. "இதைப் பார்த்திருந்தா அந்தப் பக்கம் கை பதறியிருக்கும்"னார்.

யார் பார்த்தா? ஆபரேஷன் முடியற வரைக்கும் அந்த ஃபிலிம் கவர் என் மனைவி மடியில இருந்துச்சு. பெரிய டாக்டர் எதிர் ரூம்ல டோக்கன் கூப்பிட்டு ஓ.பி. பார்த்துக்கிட்டு இருந்தாராம். உள்ள கருவியைப் பிடிச்சது எம்.எஸ். முடிச்சு வந்த புதுப் பையன்.

அந்தப் பையன் மேல எனக்குக் கோபமில்ல. எல்லாரும் யார் மேலயாவது கத்துக்கிட்டுத்தான் வரணும். பக்கத்துல நின்னு பார்க்க வேண்டியவர் எங்க போனார்? கசிவு கைதேர்ந்தவங்களுக்கும் நடக்கும்தான். நடந்ததை அலர்ஜின்னு மூடி மறைச்சதைத்தான் மன்னிக்க முடியல. "கருவியைப் பிடிக்கப் போறது யாருங்க, ஸ்கேன் தியேட்டருக்குள்ள வருமா"ன்னு முன்கூட்டியே கேட்டுடுங்க.

தொடையில இருந்து சவ்வு எடுத்து ஓட்டையை அடைச்சாங்க. இப்போ பரவாயில்ல.

கேஸ் ஷீட் நகல் கேட்டா 72 மணி நேரத்துல தரணும்னு 2002 மெடிக்கல் கவுன்சில் விதி. எனக்கு இருபது நாள் ஆச்சு. அதுல ஆபரேஷன் செஞ்சவர்னு பெரிய டாக்டர் பேர், சிக்கல்ங்கிற இடத்துல "இல்லை".