கெதார்: ஒரே ஒரு ஸ்பானிய வினைச்சொல்லோடு நெடுநாள் பழகிய அனுபவம்

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறவனுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. உலகத்தில் ஏலக்காயை அதிகமாக ஏற்றுமதி செய்கிற நாடு குவாத்தமாலா. அங்கே விளைச்சல் எப்படி என்பதைப் பொறுத்து இங்கே புற்றடியிலும் போடியிலும் நடக்கிற ஏலத்தில் விலை ஏறும், இறங்கும். அங்கே ஏலக்காய் விளைகிற ஆல்த்தா வெராபாஸ் மலைப்பக்கத்துக்காரர்கள் போடுகிற வீடியோக்களை இன்னொருவர் சொல்லிக் கேட்காமல் நானே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் தொடங்கினேன்.

கேட்க ஆரம்பித்ததும் மூச்சுக்கு மூச்சு வந்து விழுந்த சொல் கெதார் (quedar), அகராதிப்படி 'தங்குவது'. சரி, மற்றதெல்லாம் பிறகு, முதலில் இதை முழுசாகப் பிடிப்போம் என்று ஒரு நோட்டு போட்டேன். பல வருஷமாகியும் அந்த நோட்டை இன்னும் மூடவில்லை.

உச்சரிப்பில் நமக்குச் சிரமமே கிடையாது. நடுவில் வருகிற அந்த மெல்லிய ஒலி நாம் 'அது', 'கதை' என்று சொல்லும்போது வருகிற அதே த. வினை வடிவங்களும் ஒழுங்கானவை: கேதோ, கேதாஸ், கேதா, கெதாமோஸ், கேதான். பொருள்தான் பெரிய காடு. 'மே கேதான் தோஸ் சாக்கோஸ்' என்றால் எனக்கு இரண்டு மூட்டை பாக்கி இருக்கிறது. நான் முதலில் பயன்படுத்திய செயலி இதை ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுத்தது. ஆங்கிலத்தில் 'நான்' எழுவாய், மூட்டை செயப்படுபொருள், ஸ்பானிஷில் அது அப்படியே தலைகீழ் என்று ஒரு பாடம் முழுக்க விளக்கம். தமிழில் யோசித்தால் தலைகீழாக ஒன்றுமே இல்லை. 'எனக்கு' என்பதுதான் 'மே', மூட்டைதான் எழுவாய். ஒரு மூட்டை என்றால் கேதா, இரண்டு என்றால் கேதான், நம் எழுத்துத் தமிழில் 'இருக்கிறது', 'இருக்கின்றன' என்று மாறுகிற மாதிரி. கூட வேலை பார்க்கிற மலையாளிச் சேட்டனுக்கும் 'எனிக்கு ரண்டு சாக்கு பாக்கியுண்டு' என்று வைத்துச் சொன்னதும் அந்த நிமிஷமே பிடிபட்டுவிட்டது. நம் பக்கத்து ஆட்கள் இந்த மொழியை ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் படிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து சமையல். குழம்பைக் கொதிக்கவிட்டு ருசி பார்க்கிற பெண் 'கெதோ ரிக்கோ' என்கிறாள், அகராதியைப் பார்த்தால் 'தங்கியது' என்று இருக்கிறது, தலையும் புரியாது வாலும் புரியாது. 'நல்லா வந்திருக்கு' என்று நாம் சொல்வோமே, அதுதான். தைத்த சட்டை, அடித்த பெயிண்ட், எடுத்த போட்டோ, எதுவானாலும் ஒரு வேலை முடிந்து கடைசியில் எப்படி அமைந்தது என்பதற்கு இந்தச் சொல் வரும். 'தே கேதா பியென்' என்றால் அந்த உடுப்பு உனக்கு எடுப்பாக இருக்கிறது.

கூடவே 'ஸே' ஒட்டிக்கொண்டு கெதார்ஸே ஆகும்போதுதான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. இதற்கு நம்மிடம் இருக்கிற நல்ல சாவி 'கொள்'. கடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'மே கேதோ கோன் எஸ்தே' என்றால் 'இதையே எடுத்துக்கிறேன்'. 'கேதாத்தே கோன் எல் காம்பியோ' என்றால் 'மிச்சத்தை நீயே வச்சுக்கோ'. 2020 ஊரடங்கின்போது ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் எங்கும் பரவிய 'கேதாத்தே என் காஸா'வும் இந்த வகைதான், வீட்டிலேயே இருந்துக்கோ. ஆனால் இந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் சேராது. 'மே கெதே தோர்மீதோ' என்றால் தூங்கிட்டேன், 'மே கெதே சின் தினேரோ' என்றால் கையில் காசு தீர்ந்துபோச்சு. இங்கே 'விடு'வும் 'போ'வும்தான் பொருந்தும், ஒரு நிலைமைக்குள் போய்விட்ட அர்த்தம். அதிர்ச்சியில் உறைந்தால் 'கெதார்ஸே தே பியெத்ரா', கல்லாகிப்போவது. நாம் சிலையாக நிற்கிறோம், அவர்கள் கல்லாக நிற்கிறார்கள்.

வழி கேட்பது சுலபம். 'தோந்தே கேதா லா தெர்மினால்?' என்றால் பஸ் ஸ்டாண்டு எங்கே இருக்கிறது. கட்டடம், ஊர், தெரு மாதிரி இடம் பெயராததற்கு மட்டும்தான் இது. ஆளைத் தேடும்போது 'இரு' என்று பொருள் தருகிற இன்னொரு வினை, 'எஸ்தார்', வேண்டும்.

வியாபாரத்துக்கு அதிகமாகப் பயன்படுவது 'கெதார் என்'. பேசி ஒரு முடிவுக்கு வருவது. 'எங் கே கெதாமோஸ்?' என்று கேட்டால் 'அப்போ என்னதான் முடிவு?' என்று அர்த்தம். பேச்சு இழுத்துக்கொண்டே போகிறபோது யாராவது இதைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள், விலை அங்கேதான் வரும். ஸ்பெயின்காரர்கள் 'கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ?' என்று எட்டு மணிக்குச் சந்திக்கலாமா என்றும் கேட்பார்கள். அந்தப் பயன்பாடு பெரும்பாலும் ஸ்பெயினோடு சரி, லத்தீன் அமெரிக்காவை மட்டும் கேட்கிறவர் அதற்காக மெனக்கெட வேண்டாம்.

கருவிகளில் கடைசிவரை நின்றது ஸ்பெயினின் மொழி அமைப்பான ரியல் அகாதேமியாவின் இணைய அகராதி. 1713-இல் தொடங்கிய அமைப்பு, அகராதி முழுக்க இலவசம். விளக்கமெல்லாம் ஸ்பானிஷிலேயே இருப்பதால் முதல் வருஷத்தில் ஒன்றும் ஏறாது, ஓரளவு படிக்க வந்த பிறகு அதை விட்டால் வேறு கதி இல்லை. 'அமைதிப்படுத்து' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து கெதார் வந்தது என்பதை அங்கே பார்த்த பிறகுதான் தங்குவது, மிஞ்சுவது, முடிவாவது எல்லாம் ஒரே இடத்தில் வந்து அடங்குகிற அர்த்தங்கள் என்று எனக்குத் தெளிவானது. செயலிகள் தினமும் கையில் எடுக்கிற பழக்கத்தைத் தரும், அதற்கு மேல் என் அனுபவத்தில் பெரிதாக எதுவும் தரவில்லை.

அப்புறம், குவாத்தமாலா ஆட்களோடு பேசப்போகிறவர்களுக்கு ஒன்று. அவர்கள் நெருங்கினவர்களை 'நீ' என்பதற்கு 'வோஸ்' போட்டு அழைப்பார்கள், அப்போது கேதாத்தே என்பது கெதாத்தே ஆகிவிடும், அழுத்தம் முதல் அசையிலிருந்து இரண்டாம் அசைக்கு நகரும். வேகமாகப் பேசும்போது வேறு ஏதோ சொல் மாதிரி கேட்கும், ஆனால் அதே 'இருந்துக்கோ'தான்.