பழக்க நாள்: காலை அருமை, மதியம் வேண்டாம்

போட்டி இல்லாத நாளில் ஒரு மைதானத்தைப் போட்டி நாள் மாதிரியே ஜோடித்து, மிரளும் இளங்குதிரைகளைக் கூட்டி வரச் சொல்கிறார்கள். ஒலிபெருக்கி, கொடி, நடுவர் மேசை, பூந்தொட்டி, கைதட்ட ஆட்கள் என எல்லாம் உண்டு. 'பழக்க நாள்' என்று பெயர். என் நான்கு வயதுப் பெண்குதிரை செம்பி லாயத்தில் பரம சாது. வெளி மைதானத்தில் ட்ரெய்லரை விட்டு இறங்கி, முகம் தெரியாத குதிரை ஒன்று கனைத்தால் போதும், தலை மேலே போய்விடும், சாணி தண்ணீராகிவிடும். அவளுக்காகத்தான் பதிவு செய்தேன்.

காலைப் பகுதியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். இறங்கியதும் சேணம் போடு, ஏறு என்று யாரும் விரட்டவில்லை. சத்தம் லேசாகக் கேட்கும் ஓரமாக நிறுத்தி, தின்ன வைக்கோல் கட்டி, சும்மா விட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே அவர்களுடைய கிழக்குதிரை ஒன்று. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திப் போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கி கத்தினாலும் காதைக்கூட திருப்பாமல் தூங்கி வழிந்தது. அந்தக் கிழத்துக்கே பாதிக் கட்டணம் கொடுக்கலாம். 2008-ல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வில், பயப்படாத துணையோடு சேர்ந்து மிரட்டும் பொருளைப் பார்த்த குதிரைகள் குறைவாக மிரண்டன, இதயத் துடிப்பும் அவ்வளவாக ஏறவில்லை. சில நாள் கழித்துத் தனியாக விட்டபோதும் அந்த வித்தியாசம் தெரிந்தது. செம்பி கொஞ்ச நேரம் கிழத்தைப் பார்த்தாள், ஒலிபெருக்கியைப் பார்த்தாள், அப்புறம் வைக்கோலில் வாய் வைத்தாள்.

பிறகு நடை. ஒவ்வொரு கொடியையும் இரண்டு திசையிலிருந்தும் கடக்க வைத்தார்கள். போகும்போது கண்டுகொள்ளாத பூந்தொட்டியை வரும்போது புதுசு போலப் பார்த்து ஒதுங்கும் குதிரைகள் உண்டு, இது தெரிந்துதான் செய்கிறார்கள். சத்தத்துக்கும் அப்படித்தான், ஒலிபெருக்கி இருக்கும் கம்பத்தின் அடிவரை கூட்டிப்போய்க் காட்டினார்கள். குதிரைக்கு நமக்குக் கேட்காத உச்ச ஒலிகூட கேட்கும், 33,000 ஹெர்ட்ஸ் வரை. ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் நம்மைவிட ரொம்ப மோசம். இடம் தெரியாத சத்தம் யாரைத்தான் மிரட்டாது? மிரளும்போது கழுத்தைத் தட்டாமல், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைச் சொறியச் சொன்னார் பயிற்சியாளர். குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துவிடும் இடம் அது, துடிப்பு இறங்கும். இறங்கியது.

போட்டிக்கு முன் குதிரைகளை ஓட்டி உடம்பைச் சூடேற்றும் வார்ம் அப் மைதானத்தில் வாலில் பச்சை ரிப்பன் கட்டினார்கள், அனுபவமில்லாத குதிரை என்பதற்கு அடையாளம். உதைக்கும் குதிரைக்குச் சிவப்பு. (குதிரைக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, எல்லாம் மனிதருக்குத்தான்.) எதிரே வரும் குதிரைதான் இளசுகளுக்குப் பெரிய பயம். இங்கே ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனதால் செம்பி தாக்குப்பிடித்தாள்.

மதியம் எல்லாம் தலைகீழ். எல்லாக் குதிரைகளையும் ஒரே வளையத்தில் விட்டு, ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்து, குடை விரித்து, தார்ப்பாய் உதறி, கைதட்டி, குதிரை ஓய்ந்து நிற்கும்வரை நிறுத்துவதில்லை. நின்றுவிட்டால் பழகிவிட்டதாம். செம்பியும் நின்றாள், சிலை மாதிரி. ஆனால் அவளுக்கு நான் துடிப்பு அளக்கும் பெல்ட் கட்டியிருந்தேன். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும், அவளுக்கு 100-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. வாயை மெல்லவில்லை, கண் இமைக்கவில்லை, வால் ஒட்டிக் கிடந்தது. வெளியே கூட்டி வந்துவிட்டேன். "பாதியில் போனால் பயம் ஜெயிச்சிடும்ங்க" என்றார் உதவியாளர். அவர் காலையில் அங்கே இல்லை போலிருக்கிறது. 2006-ல் 27 இளங்குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில், படிப்படியாகப் பழக்கியவை எல்லாமே பழகின, மொத்தமாகக் காட்டியவற்றில் சில பழகவே இல்லை. ஓட்டம் நின்ற பிறகும் துடிப்பில் மாற்றம் தொடர்ந்ததையும் அதில் பார்த்திருக்கிறார்கள்.

சில்லறை விஷயங்கள்: தண்ணீர்த் தொட்டி உண்டு, ஆனாலும் சொந்த வாளி கொண்டுபோங்கள், வேற்றிடத்துத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பும் குதிரைகள் நிறைய. காதுக்குச் சத்தம் குறைக்கும் துணி உறை கொடுத்தார்கள், நன்றாக இருந்தது. டிரெசாஜ் (குறித்த அசைவுகளைக் குதிரை ஒழுங்காகச் செய்துகாட்டும்) போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்: சர்வதேச விதிப்படி உறை சரி, காதுக்குள் அடைப்பான் வைத்துப் போட்டியிட முடியாது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. காலைக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் ஐந்து. விளம்பரத்தில் அரை நாள் என்று எதுவும் இல்லை, ஆனால் கேட்டால் கொடுக்கிறார்கள். அடுத்த முறைக்கு எனக்கு மதியத்தைக் கழித்துக்கொண்டு, கிழக்குதிரையின் பக்கத்து இடத்தையும் ஒதுக்கியிருக்கிறார்கள்.